ரிட்டையர் ஆன கண்டக்டரும் லண்டன் டபுள் டெக்கரும்

அப்பா டவுன் பஸ் கண்டக்டர். "ஆக இருந்தார்"னு எழுதணும், இன்னும் கை வரமாட்டேங்குது. 31 வருஷ சர்வீஸ். திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி, பாளை பஸ் ஸ்டாண்டு. மறுபடி பாளை, முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, ஜங்ஷன். ஓடுற பஸ்ஸில் ஃபுட்போர்டில் ஒரு கால், காற்றில் ஒரு காலுன்னு நின்னு விசில் அடிக்கிற அப்பாவைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். ஸ்கூல் பசங்க மத்தியில் எனக்கு இருந்த ஒரே கெத்து அதுதான்.

போன வருஷம் ரிட்டையர் ஆனார். மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், கூட வேலை பார்த்தவங்க வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டாங்க. மறுநாள் காலையில் ஈஸிசேரில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

நான் பெங்களூரில் பொட்டி தட்டுறவன். எட்டு மாசம் கழிச்சு ஊருக்குப் போனேன். மோட்டார் போட்டும் தண்ணி ஏறலைன்னு அப்பா மொட்டைமாடிக்குக் கிளம்பினார், நானும் பின்னாடியே. பாதிப் படியில் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டார். மூச்சு வாங்குது. என்னைத் திரும்பிப் பார்த்து, "செருப்பு வழுக்குது"ன்னார். செருப்பைக் கீழேயே விட்டுட்டு வெறுங்காலோடதான் ஏறினார்ங்கிறதை நான் சொல்லலை.

ராத்திரி சாப்பிடும்போது மெதுவா ஆரம்பிச்சேன். "அப்பா, காலைல வ.உ.சி. மைதானம் பக்கம் ஒரு நடை போயிட்டு வரலாம்லா?"

"ஏல, 31 வருசமா நின்னுக்கிட்டே பொழப்பு நடத்துனவன் நான். ஒரு மனுசன் ஆயுசுக்கும் நடக்க வேண்டியத நடந்தாச்சு. எல்லாம் சேத்து வச்சிருக்கேன். இனிமேலாவது உக்கார விடு."

அம்மா என்னைப் பார்த்து, இதைத்தான் எட்டு மாசமா கேட்டுக்கிட்டு இருக்கேன்ங்கிற மாதிரி தலையை ஆட்டினாங்க.

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. லாஜிக்காப் பார்த்தா அவர் சொல்றதுல என்ன தப்பு? மாசாமாசம் பி.எஃப். பிடிச்சாங்க, கடைசியில் கொடுத்தாங்க. அதே மாதிரி முப்பது வருஷம் நடந்ததும் எங்கேயோ உடம்பில் வரவு வைக்கப்பட்டிருக்கணும் இல்லையா? பெங்களூர் திரும்பினதும் இதைத் தேட ஆரம்பிச்சேன். தேடினா, இந்த மொத்த விஷயத்தோட வரலாறும் ஒரு கண்டக்டரில் இருந்துதான் ஆரம்பிக்குது மக்களே! சும்மா சொல்லலை, நிஜமாவே பஸ் கண்டக்டர்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஜெரி மாரிஸ்னு ஒரு டாக்டர். 1910-ல் லிவர்பூலில் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்தவர். போலந்தில் இருந்து வந்த ஏழை யூதக் குடும்பம். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இந்தியாவிலும் பர்மாவிலும் வேலை பார்த்திருக்கிறார். போர் முடிந்து லண்டன் திரும்பியவருக்கு 1948-ல் ஒரு புது ஆராய்ச்சிப் பிரிவின் பொறுப்பு கிடைத்தது. சமூக மருத்துவம்னு பேர்.

அந்தக் காலத்தில் பிரிட்டனில் ஒரு பெரிய மர்மம் இருந்தது. மாரடைப்பு. முந்தின தலைமுறையில் அபூர்வமாக இருந்த சமாச்சாரம், நடுவயசு ஆண்களைத் திடீர் திடீர்னு சாய்க்க ஆரம்பித்திருந்தது. ஏன்னு யாருக்கும் தெரியாது. இன்னிக்கு நம்ம தெருமுனை டீக்கடையில் கேட்டாலே கொழுப்பு, சிகரெட், டென்ஷன்னு நாலு காரணம் சொல்வாங்க. அன்னிக்கு அதெல்லாம் கிடையாது. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு ஒரு நிரூபணமும் கிடையாது. மாரிஸும் அந்த எண்ணத்தோட ஆரம்பிக்கலை. வேலைக்கும் இந்த நோய்க்கும் ஏதாவது தொடர்பு இருக்குமான்னுதான் தேடினார்.

தேடிய இடங்களில் ஒன்று லண்டன் போக்குவரத்து நிறுவனம். 35-லிருந்து 64 வயசு வரைக்கும் சுமார் 31,000 ஆண் ஊழியர்கள். அவர்களில் மத்திய லண்டன் டபுள் டெக்கரில் வேலை பார்த்தவங்கதான் இந்தக் கதையின் ஹீரோக்கள்.

(டபுள் டெக்கர்னதும் ஒரு கொசுவர்த்தி. எங்க ஊரில் ஈரடுக்கு பஸ் கிடையாது, ஈரடுக்கு மேம்பாலம்தான் உண்டு. அதில் பஸ் போகும்போது நாங்களும் டபுள் டெக்கர்தான்னு அப்பா சொல்வார்.)

ஒவ்வொரு லண்டன் பஸ்ஸிலும் ரெண்டு பேர். டிரைவர், ட்யூட்டி நேரத்தில் 90 சதவீதம் உட்கார்ந்தே இருப்பவர். கண்டக்டர், டிக்கெட் போட மாடிப்படி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு நாளைக்குச் சுமார் 600 படி. ரெண்டு பேரும் ஒரே மாதிரிக் குடும்பங்களில் இருந்து வந்தவங்க. ஒரே டிப்போ, ஒரே ஊர்க் காற்று. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான்: ஒருத்தர் உட்கார்ந்திருக்கார், ஒருத்தர் நடக்கிறார். நம்ம ஃபீல்டில் ஏ-பி டெஸ்ட்டுன்னு ஒண்ணு பண்ணுவோமே, அதைத் தனக்கே தெரியாம தினமும் ஓட்டிக்கிட்டு இருந்திருக்கு லண்டன் மாநகரம்.

கணக்கெடுத்தா, வருஷத்துக்கு 1000 டிரைவர்களில் 2.7 பேருக்கு இதயநோய். கண்டக்டர்களில் 1.9 பேர். அதைவிட முக்கியம், நோய் வந்த சில மாசத்துக்குள்ளேயே செத்துப்போறது கண்டக்டர்களிடம் ஏறக்குறைய பாதிதான்.

நானா இருந்தா அன்னிக்கே பதிவு போட்டிருப்பேன். மாரிஸ் போடலை. வாயைத் திறக்காம உட்கார்ந்து தன் கணக்கிலேயே ஓட்டை தேடினார். ஒருவேளை காரணம் உட்கார்றது இல்லையோ? லண்டன் டிராஃபிக்கில் வண்டி ஓட்டுற டென்ஷனாக இருக்கலாமே? சரி, டென்ஷனான டிரைவிங்கே இல்லாத ஒரு துறையைப் பார்ப்போம்னு தபால் துறைக்குப் போனார். சைக்கிளிலும் நடந்தும் தபால் கொடுக்கிற போஸ்ட்மேன் ஒரு பக்கம், உட்கார்ந்து வேலை பார்க்கிற குமாஸ்தாக்களும் டெலிபோன் ஆபரேட்டர்களும் மறுபக்கம். ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள். அங்கேயும் அதே கதை. நடக்கிறவன் தப்பிக்கிறான். அதுக்கப்புறம்தான் 1953-ல் லான்செட் பத்திரிகையில் கட்டுரை வந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இவ்வளவு பேருடைய கணக்கையும் கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டு, அதையும் நம்பாம இன்னொரு தடவை சரிபார்த்த பொறுமையை நினைச்சா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெஸ்ட் பண்ணாம கோடை ஏத்திட்டு வீட்டுக்கு ஓடுற எனக்கெல்லாம் வெட்கமா இருக்கு.

அப்பாவுக்கு அன்னிக்கு ராத்திரியே போன் போட்டேன். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. "நான் அன்னிக்கே சொன்னேம்லா! கண்டக்டருக்கு ஹார்ட்டு ஸ்ட்ராங்கு. எங்க டிரைவர் அண்ணாச்சிங்க ரெண்டு பேரு சர்வீஸ்லயே போய்ட்டாங்க. சரி, நீ ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்ல உக்காந்துருக்க?"

"ஒரு பத்து மணி நேரம் இருக்கும்பா."

"அப்ப நீதான்ல டிரைவரு."

பல்பு வாங்கிட்டு போனை வெச்சேன். நாலாவது மாடி ஆபீசுக்கு நான் இதுவரைக்கும் லிஃப்ட்டில்தான் போயிருக்கேன்ங்கிறதை அவரிடம் சொல்லலை.

இடையில் ஒரு சின்ன சந்தேகம். மாரிஸ் இந்த ஆராய்ச்சியைச் சென்னை டவுன் பஸ்ஸில் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அங்கே கண்டக்டர் பின்பக்க சீட்டில் ஜம்முனு உட்கார்ந்திருப்பார், காசும் டிக்கெட்டும் ஜனங்க கை மாறி மாறிப் போயிட்டு வரும். மொத்த தியரியும் புட்டுக்கிட்டிருக்கும். தெற்குச் சீமையில் அந்தப் பாச்சா பலிக்காது, கண்டக்டர்தான் கூட்டத்துக்குள்ள நீந்திக்கிட்டு வரணும் :-)

ஆனா கட்டுரை வந்ததும் உலகம் கை தட்டிடலை. நிறைய பேர் நம்பலை. ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது: சுறுசுறுப்பானவன் கண்டக்டர் வேலைக்குப் போறான், மந்தமானவன் டிரைவர் ஆகிறான். அப்போ வேலையா ஆளைக் காப்பாத்துது? ஆள் முதல்லயே அப்படித்தானே? இதைச் சோதிக்க மாரிஸ் கோஷ்டி எடுத்த ஆயுதம்தான் எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடிச்சது. பேன்ட்!

நிறுவனம் எல்லாருக்கும் யூனிஃபார்ம் தைச்சுக் கொடுக்கும். அதுக்கு எடுத்த இடுப்பளவு ரெஜிஸ்டரில் இருக்கும். 31,000 பேரை டேப்போட துரத்த வேண்டாம், டெய்லர் ஏற்கெனவே அளந்து வெச்சிருக்கார். 1956-ல் லான்செட்டிலேயே வந்தது, யூனிஃபார்ம்களின் நோய்ப் பரவலியல்னு தலைப்பில் கிண்டலும் சேர்த்து. எல்லா வயசிலும் டிரைவர் இடுப்பு கண்டக்டர் இடுப்பைவிடப் பெருசு. அதுவும் வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் பெருசுதான்! அதாவது, சந்தேகப்பட்டவங்க சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதை மாரிஸே வெளியே சொன்னார். ஆனா மீதிப் பாதிதான் முக்கியம்: ஒல்லியான டிரைவரையும் ஒல்லியான கண்டக்டரையும் ஒப்பிட்டாலும் சரி, தொப்பை டிரைவரையும் தொப்பை கண்டக்டரையும் ஒப்பிட்டாலும் சரி, ஜெயிச்சது கண்டக்டர்தான். இடுப்பை மட்டும் வெச்சு அந்த வித்தியாசத்தை விளக்க முடியலை.

இதையும் அப்பாகிட்ட சொன்னேன். அவர் தன் காக்கிப் பேன்ட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாராம். பட்டன் போட முடியலையாம். அம்மா தனியா போனை வாங்கிச் சொன்னாங்க.

ரெண்டு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டார். வழக்கமா நான்தான் கூப்பிடுவேன்.

"ஏல, அந்த லண்டன் கண்டக்டருங்க ரிட்டையர் ஆன பெறவு என்ன ஆனாங்க?"

ஆஹா. 64 வயசோட முடியுது அந்தக் கணக்கு. வேலையில் இருக்கிறவரைக்கும்தான் அது பேசுது. அப்பா கேட்ட கேள்விக்கு விடை பஸ்ஸில் இல்லை.

அது கிடைக்க மாரிஸுக்கே இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. 1960-களில் அவர் ஒண்ணைப் புரிஞ்சுக்கிட்டார்: இனிமேல் வேலையில் உடம்பு அசையப் போறதில்லை, எல்லாரும் நாற்காலிக்கு வந்துக்கிட்டிருக்காங்க. (சரியாத்தான் சொன்னார். லண்டனில் ரூட்மாஸ்டர் டபுள் டெக்கர்கள் வழக்கமான சர்வீஸில் கடைசியா ஓடினது 2005 டிசம்பரில். அதோட அந்தப் படியேறும் கண்டக்டர் வேலையும் போச்சு. மாரிஸின் ஆராய்ச்சியைத் திரும்பச் செய்யலாம்னு யாராவது கிளம்பினா ஆளே கிடைக்காது.) அதனால, ஓய்வு நேரத்தில் பண்ற பயிற்சி காப்பாத்துமான்னு பார்க்க நாற்காலியே கதின்னு இருந்த ஒரு கூட்டத்தைப் பிடிச்சார். அரசாங்க அதிகாரிகள், 40 முதல் 64 வயசு, சுமார் 17,000 பேர். 1968-லிருந்து 1970 வரைக்கும், முன்கூட்டிச் சொல்லாம ஒரு திங்கட்கிழமை காலையில் அவங்க கையில் படிவத்தைக் கொடுத்து, போன வெள்ளியும் சனியும் என்னென்ன செஞ்சீங்கன்னு அஞ்சு அஞ்சு நிமிஷக் கணக்கில் எழுத வெச்சார். டைம்ஷீட்! எங்க மேனேஜர் கண்ணில் இந்தப் பதிவு படாம இருக்கணும். 1973-ல் வந்த முடிவில், மூச்சு வாங்குற அளவு பயிற்சி பண்ணினவங்களுக்கு இதயநோய் ஆபத்து மத்தவங்களில் மூணில் ஒரு பங்குதான்.

அப்புறம் 1976-ல் இன்னொரு கூட்டம், 9,000-க்கும் மேலான அதிகாரிகள், ஒன்பது வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து 1990-ல் வெளியிட்டார். அப்போ மாரிஸுக்கே வயசு 80. அதில்தான் அப்பாவுக்கான பதில் இருக்கு. நீச்சல், ஓட்டம், சைக்கிள், மணிக்கு 4 மைலுக்கு மேல் வேக நடை, இதையெல்லாம் இப்போ செய்றவங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. ஒரு காலத்தில் பெரிய விளையாட்டு வீரராக இருந்து, பிறகு விட்டவங்களுக்கு? ஒண்ணும் இல்லை. பழைய வீரம் எந்தப் பாதுகாப்பும் கொடுக்கலைன்னு எழுதியிருக்கார்.

ஒரே ஆள் சொன்னா நம்பணுமான்னு கேட்பீங்க. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ரால்ஃப் பாஃபன்பார்கர்னு ஒருத்தர். ஹார்வர்டில் படிச்சு முடிச்சுப் போன ஏறக்குறைய 17,000 ஆண்களை வருஷக்கணக்கா கடிதம் போட்டு விசாரிச்சுக்கிட்டே இருந்தவர். 1978-ல் அவரும் இதையேதான் சொன்னார். காலேஜில் டீமுக்கு ஆடி, பிறகு சோபாவில் சாய்ந்தவரைவிட, காலேஜில் பந்தையே தொடாம பிற்காலத்தில் நடக்க ஆரம்பிச்சவர் மேல். அந்த மனுஷன் தன் கணக்கைத் தானே நம்பி 45 வயசில் ஓட ஆரம்பிச்சு, மாரத்தான் மாரத்தானா ஓடித் தள்ளியிருக்கார். இந்த ரெண்டு பேருக்கும் சேர்த்து 1996-ல் ஒலிம்பிக் கமிட்டி விளையாட்டு அறிவியலுக்கான முதல் பரிசைக் கொடுத்தது.

போனில் இதைச் சொல்றப்ப எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. 31 வருஷம் உழைச்ச மனுஷன்கிட்ட, நீங்க நடந்த நடைக்கு இன்னிக்கு மதிப்பில்லைன்னு எப்படிச் சொல்றது? மென்னு முழுங்கிச் சொல்லி முடிச்சேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன்.

"அப்படின்னா இது பி.எஃப். இல்லல," என்றார் அப்பா. "கலெக்‌ஷன் மாதிரி. ராத்திரி டிப்போல கட்டிட்டு வந்தா பை காலி. காலைல முதல் டிரிப்புல இருந்து மறுபடியும் போடணும்."

இதுக்கு மேல் நான் என்னத்தைச் சொல்ல. 1990-ல் மாரிஸ் பக்கம் பக்கமா எழுதினதை அப்பா தோல்பையில் அடக்கிட்டார்.

ஆனா, பை காலின்னு மட்டும் சொல்லி நிறுத்தினா அவர் ஈஸிசேரில் இன்னும் ஆழமா உட்கார்ந்திடுவாரோன்னு ஒரு கவலை. வயசாயிடுச்சு, இனிமே போட்டு என்ன ஆகப்போகுதுன்னு கேட்டுட்டா? அதனால டல்லஸ் கதையை எடுத்தேன்.

1966 கோடைக்காலம், டெக்ஸஸ் மாநிலம். 20 வயசுப் பசங்க அஞ்சு பேரை மூணு வாரம் படுக்கையிலேயே படுக்க வெச்சாங்க. எழுந்து நடக்கக் கூடாது. அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவங்களை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துறதுதான் வைத்தியம். அது உண்மையில் உடம்பை என்ன செய்யுதுன்னு பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. படுத்து எழுந்ததும் அளந்தா, முழு மூச்சா உழைக்கும்போது உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும்ங்கிற அளவு கால்வாசிக்கு மேல் குறைஞ்சு போச்சு. அப்புறம் எட்டு வாரம் கடுமையான பயிற்சி கொடுத்து மேலே கொண்டு வந்தாங்க.

இதோட முடிஞ்சிருந்தா சாதாரணக் கதை. முப்பது வருஷம் கழிச்சு, 1996-ல், அதே அஞ்சு பேரையும் தேடிப் பிடிச்சாங்க. எல்லாருக்கும் 50 வயசு. சராசரி எடை 77 கிலோவில் இருந்து 100 கிலோ. உடம்பில் கொழுப்பு ரெட்டிப்பு. ஆனா அந்த ஆக்சிஜன் அளவு? முப்பது வருஷத்தில் 12 சதவீதம் போலத்தான் இறங்கியிருந்தது. திரும்பப் படிங்க. 20 வயசில் மூணு வாரம் படுத்ததில் போனது, முப்பது வருஷம் வயசாகிப் போனதைவிட அதிகம்! நாம வயசு மேல் போடுற பழியில் பாதி கட்டிலுக்கும் ஈஸிசேருக்கும் போகணும்.

அந்த ஐம்பது வயசுக்காரங்களுக்கு ஆறு மாசம் நிதானமா பயிற்சி கொடுத்தாங்க. நடை, மெதுவோட்டம், நின்ன இடத்தில் சைக்கிள். கொஞ்சம் கொஞ்சமா கூட்டி வாரத்துக்கு நாலரை மணி நேரம். எடை என்னவோ கொஞ்சம்தான் குறைஞ்சது. ஆனா மூச்சுத் திறன் 1966-ல் படுக்கைக்குப் போறதுக்கு முன்னாடி எங்கே இருந்ததோ அங்கேயே சராசரியா திரும்பி வந்துடுச்சு. 20 வயசில் கடும் பயிற்சிக்கு அப்புறம் தொட்ட உச்சத்தை மட்டும் யாரும் தொடலை. அதுக்கு ஆசைப்படுறது ஓவர்.

"அவனுக்கு அம்பது. எனக்கு அறுவது"ன்னார் அப்பா. எதிர்பார்த்தேன். கையில் பாஸ்டன் ரெடி.

1990-ல், பாஸ்டனில் ஒரு முதியோர் மருத்துவ இல்லத்தில், மரியா ஃபியாட்டரோன்னு ஒரு டாக்டரும் அவர் கூட்டாளிகளும் 86 வயசில் இருந்து 96 வயசு வரைக்குமான பத்துப் பேருக்குக் காலால் எடை தூக்கப் பயிற்சி கொடுத்தாங்க. வெறும் எட்டு வாரம். கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடியிருந்தது, அதாவது ரெண்டரை மடங்குக்கு மேல். ரெண்டு பேர் கைத்தடியைத் தூக்கிப் போட்டுட்டாங்க. படிக்கும்போதே எனக்குச் சிலிர்த்தது. ஆனா அதே கட்டுரையில் இன்னொரு வரியும் இருக்கு: பயிற்சியை நிறுத்தி நாலு வாரத்தில் கூடின பலத்தில் கணிசமான பங்கு கரைஞ்சு போச்சு. தொண்ணூறு வயசிலும் டிப்போ கணக்கு அதேதான்.

மாரிஸ் என்ன ஆனார்னு சொல்லலையே. 1978-ல் அவரும் ரிட்டையர் ஆனார், காகிதத்தில் மட்டும். அதுக்கப்புறமும் முப்பது வருஷம் தன் ஆராய்ச்சி அறைக்குப் போய்க்கிட்டே இருந்தார். சின்ன வயசில் அவங்க அப்பா அவரை வாராவாரம் நடக்கக் கூட்டிட்டுப் போவாராம். 4 மைலை ஒரு மணி நேரத்துக்குள் முடிச்சா ஐஸ்க்ரீம்! பின்னாடி அவர் ஆராய்ச்சியில் வந்த அதே 4 மைல் வேகம். ஐம்பது வயசுக்கு மேல், ஊரில் யாரும் ஓடாத 60-களில், ஹாம்ப்ஸ்டெட் ஹீத் திடலில் ஓடி, போறவங்க வர்றவங்க கண்ணுக்குக் கிறுக்கனாகத் தெரிஞ்சிருக்கார். தொண்ணூறைத் தாண்டியும் நீச்சல். 2009 அக்டோபரில் இறக்கும்போது வயசு 99.

அவருடைய கடைசிக் கால வேலைகளில் ஒண்ணு, 2007-ல் வந்தது, எனக்குக் கொஞ்சம் சுருக்குனு பட்டது. 65 வயசுக்கு மேல் ஒருத்தர் ஆரோக்கியமா வாழ வாரத்துக்குக் குறைஞ்சது எவ்வளவு பணம் வேணும்னு 97 வயசு மனுஷன் பொருள் பொருளா பட்டியல் போட்டுக் கூட்டியிருக்கார். சாப்பாடு, வாடகை மட்டும் இல்லை. உடற்பயிற்சிக்கான செலவு, நாலு மனுஷரைப் பார்த்துப் பேசப் போய்வர ஆகும் செலவு, எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. பிரிட்டன் அரசு ஓய்வூதியம் அந்தத் தொகையை எட்டலை. 'தினமும் நடங்கப்பா'ன்னு பெங்களூரில் உட்கார்ந்துக்கிட்டு உபதேசம் பண்ணின நான், ஷூவைப் பத்தி யோசிக்கவே இல்லை. அப்பா வாழ்க்கை முழுக்கத் தோல் செருப்புதான். ஒரு ஜோடி வாங்கி அனுப்பினேன். என்ன விலைன்னு கேட்டார். பாதியாக் குறைச்சுச் சொன்னேன். அதுக்கே, "இந்தக் காசுக்கு ஒரு மாசம் பால் வாங்கலாம்ல"ன்னார்.

நாலு மனுஷர் விஷயமும் அப்போதான் உறைச்சது. அப்பா இழந்தது 600 படியை மட்டும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை நூறு முகம் பார்த்த மனுஷன்! காலேஜ் பிள்ளைங்க, கருவாட்டுக்காரம்மா, சில்லறை தராம டபாய்க்கிற ஆபீசர், எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். இப்போ சுவர்க் கடிகாரமும் டி.வி.யும். அவரை மைதானத்தில் வட்டமடிக்கச் சொன்னது என் தப்பு. வட்டமா சுத்துறது கண்டக்டருக்கு ஒத்து வராது. அவருக்கு ரூட் வேணும்.

ஈ.சி.ஜி., பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்தாச்சு. சர்க்கரை கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கு, மாத்திரை உண்டு. மெதுவா ஆரம்பிச்சுக் கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்கப்புறம் அப்பா தானே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டார். கிலோமீட்டர், ஸ்டெப் கணக்கு எல்லாம் வேண்டாமாம். நான் போனில் போட்டுக் கொடுத்த ஆப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. காலையில் வீட்டில் இருந்து கிளம்பி, பழைய ரூட்டிலேயே, ஸ்டேஜ் ஸ்டேஜா நடக்கிறார். முதல் வாரம் ஒரு ஸ்டேஜ். டீக்கடையில் ஒரு பேச்சு. திரும்பி வர்றது. ரெண்டாவது மாசம் ரெண்டு ஸ்டேஜ். மொட்டைமாடிக்கு இப்போ நிக்காம ஏறுறார்னு அம்மா சொல்றாங்க. அவர் அதைப் பத்திப் பேச மாட்டார்.

நான்? நாலு மாடியும் படியில்தான். முதல் நாள் மூணாவது மாடியில் நின்னேன். ஷூ லேஸ் கட்டுற மாதிரி.

நேத்து காலையில் ஏழு மணிக்கு அப்பாவிடமிருந்து போன். பின்னாடி வண்டிச் சத்தம்.

"இன்னிக்கு மூணாவது ஸ்டேஜ்ல. வண்ணார்பேட்டைல நிக்கேன்."

யாரோ ஹாரன் அடிக்கிற சத்தம், விடாம.

"யாருப்பா அது?"

"நம்ம பழைய டிரைவர்தாம்ல. வண்டிய ஸ்லோ பண்ணி, ஏறு ஏறுங்கான்."

"ஏறிட்டீங்களா?"

"ஏறல. போலாம் ரைட்டுன்னுட்டேன்."